பட்டு உடுத்திய மோட்டார்

விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் காலையில் ஜெயப்ரியா வேலைக்கு வந்திருக்கக் கூடாது. வரவேண்டாம் என்று மேனேஜர் சௌந்தரராஜன் முந்தின வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவள் வந்தாள். வந்தவள் கீழே எங்காவது ஓரமாய் நின்றிருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக இரும்புப் படிக்கட்டைப் பார்த்து நடந்தாள்.

கல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையிலிருந்து உள்ளே வளைந்தால் அந்தத் தேயிலைக் கிடங்கு. அஸ்ஸாமிலிருந்து வருகிற மூட்டைகள் கீழே இறங்கும். மாடியில் இருக்கிற கலவைத் தொட்டிக்கு அவற்றை ஏற்றிக்கொண்டு போவது சாய்வாக ஓடும் ஒரு நீளமான பெல்ட். அதை இழுக்கிற மோட்டார் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒரு சின்ன மேடையில் உட்கார்ந்திருந்தது. அது ஓடினால்தான் மேலே கலவை ஓடும், கீழே பேக்கிங் ஓடும், வாசலில் லாரி நகரும். ஜெயப்ரியா அந்தக் கிடங்கின் எலெக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ. முடித்து, அங்கே இங்கே அலைந்து, போன வருஷம்தான் இங்கே சேர்ந்தாள். அந்த மோட்டார் அவள் பொறுப்பு. ஆனால் வருஷத்தில் பூஜையை ஒட்டிய சில நாட்கள் மட்டும் அதன் பக்கத்தில் அவள் போகக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டாகியிருந்தது. எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம். அது அவளால் உண்டான சட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சௌந்தரராஜன் பவானிபூரில் பிறந்து வளர்ந்தவர். வங்காளத்தை வங்காளிகளுக்குச் சமமாகப் பேசுவார். கிடங்கில் விஸ்வகர்மா பூஜை என்றால் அவருக்குத் தனி உற்சாகம். ஊரெல்லாம் செய்கிற மாதிரி யானை வாகனத்தோடு சிலை வரும், டாக் மேளம் அடிப்பார்கள், மத்தியானம் கிச்சடியும் ஆட்டுக்கறியும் நடக்கும். கறி நடக்கிற பக்கம் அவர் திரும்ப மாட்டார். ஆனால் மோட்டாருக்கு அலங்காரம் மட்டும் அவருடைய கையால்தான். ஆயுத பூஜைக்கு வீட்டில் செய்வதை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மோட்டாரின் உடம்பெல்லாம் குழைத்த சந்தனத்தை அப்புவார். குங்குமம் வைப்பார். முன்பக்கம் சக்கரம் சுழல்கிறது, பெல்ட் ஓடுகிறது, அங்கே எதையும் கட்ட முடியாது. அதனால் பின்பக்கத்துக்குச் சிவப்புக் கரை போட்ட பட்டுத் துண்டு ஒன்றை இடுப்பில் கட்டுகிற மாதிரி இறுக்கிச் சுற்றி, மேலே சாமந்தி மாலையைச் சாத்துவார். கிடங்கு ஆட்கள் அதை ‘மத்ராஸி சாஜ்’, மதராஸ்காரர் அலங்காரம், என்று பெருமையாகச் சொல்லிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சாத்தினதை மனுஷன் கழற்றக்கூடாது, வாடித் தானாக உதிர வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே பூஜை முடிந்து வேலை தொடங்கிய பிறகும் மோட்டார் பட்டு உடுத்திக்கொண்டேதான் ஓடும்.

அவர் பட்டுக் கட்டுகிற அந்தப் பின்பக்கத்தில்தான் மோட்டாரின் மூக்கு இருக்கிறது. தகரக் குல்லாய்க்குள் ஒரு விசிறி. குல்லாயில் சல்லடை மாதிரி ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்து, உடம்பில் இருக்கிற வரிவரியான பள்ளங்களின் மேல் ஊதி, மோட்டார் தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளும். மூக்கைத் துணியால் பொத்தி, பள்ளங்களைச் சந்தனத்தால் மெழுகிவிட்டால் அது என்ன செய்யும்? போன வருஷம் பூஜைக்கு மறுநாள் மேடைக்கு ஏறின ஜெயப்ரியா, சேர்ந்த புதிதென்பதால், சாத்தினதில் கை வைக்கத் துணியவில்லை. அது இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. பிறகு எரிந்துபோனது. கருகின வார்னிஷ் வாடை வாரக்கணக்கில் தேயிலையை விட்டுப் போகவில்லை. சாலையில் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

எரிந்த மோட்டாரைக் கீழே இறக்கியபோது ஜெயப்ரியா கிட்டே இருந்து பார்த்தாள். பட்டுத் துண்டு ஓட்டைகளோடு ஒட்டி உறிஞ்சப்பட்டிருந்தது. சந்தனத்தின் மேல் தேயிலைத் தூள் படிந்து, சூட்டில் வெந்து, சுட்ட ரொட்டி மாதிரி ஓடு கட்டியிருந்தது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது. அவள் அதை சௌந்தரராஜனிடம் காட்டினாள். சுவாமிக்குச் சாத்தின வஸ்திரம் மோட்டாரை எரிக்குமா என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்த்த பார்வையில் வேறு ஏதோ இருந்தது.

அந்த வேறு ஏதோ சாயங்காலம்தான் அவளுக்குத் தெரிந்தது. பேக்கிங்கில் வேலை செய்கிற, எல்லோருக்கும் அக்கா மாதிரியான லதா தீதி பாத்ரூம் வாசலில் அவளை நிறுத்தி, தயங்கித் தயங்கிக் கேட்டாள். பூஜைக்கு மறுநாள் நீ மேடைக்கு ஏறினாயே, அன்றைக்கு உனக்கு மாதவிலக்கா என்று மேலே விசாரிக்கச் சொல்கிறார்கள். ஜெயப்ரியாவுக்கு முகம் சுட்டது. இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே அசிங்கம் என்று நினைத்து ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அவள் சொல்லாததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் எரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு பேக்கிங் பெண்கள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் தின்பதும் நின்றது.

ஒரு வருஷம் அந்தப் பேச்சை விழுங்கிக்கொண்டு வேலை பார்த்தாள். போன வாரம் சௌந்தரராஜன் கூப்பிட்டு, லீவு எழுதிக் கொடுக்கச் சொன்னபோது சரி என்றுகூடத் தலையாட்டினாள். இந்தத் தடவை மறுபடி எரிந்தால் கம்பெனி சும்மா இருக்காது, எலெக்ட்ரீஷியனை மாற்று என்று ஹெட் ஆபீஸில் சொல்வார்கள் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார். அக்கறையாகத்தான் சொன்னார். வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. மேடைக்கு ஏறினாலும் வேலை போகும். ஏறாமல் இருந்து, மோட்டார் எரிந்தாலும் வேலை போகும். போவது போகட்டும், தான் செய்யாததற்காகப் போகக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா விஜயலட்சுமி, மூணு நாள் சும்மா இருந்துட்டுப் போயேண்டி என்றாள். ஜெயப்ரியா வலி மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் ஏறினாள்.

படிக்கட்டின் முதல் படியில் ரஞ்சன் உட்கார்ந்திருந்தான். பெல்ட்டை ஓட்டுகிறவன், பூஜைக் கமிட்டியின் தலைவன், யாரையும் கேலி செய்யாமல் பேசத் தெரியாதவன். அவளைப் பார்த்ததும் காலை நீட்டி வழியை மறித்தான்.

“மோட்டாருக்கு இன்னிக்கு டியூட்டி, உனக்கு லீவு. மாத்திப் புரிஞ்சுக்கிட்டியா ஜெயா?” என்றான் வங்காளத்தில்.

அவள் அவன் காலைத் தாண்டி ஏறினாள். அவன் எழுந்து பின்னாலேயே வந்தான். கீழே சிலை இன்னும் இருந்தது. சாயங்காலம்தான் கங்கைக்குக் கொண்டுபோவார்கள். மூட்டை இறக்குகிற ஆட்கள், பேக்கிங் பெண்கள், எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு சௌந்தரராஜன் அறையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பூஜை முடிந்த மறுநாளும் வேட்டிதான் கட்டுவார்.

“இறங்கும்மா. சொன்னா கேக்கணும். போன வருஷம் பட்டது போறாதா?”

“போன வருஷம் எரிஞ்சது இந்தத் துணியால சார்.”

“அதை விடு. நீ இறங்கு. நான் வெளிப்படையா சொல்லணுமா? நாலு பேர் இருக்கா.”

நாலு பேர் இல்லை, கிடங்கே இருந்தது. ஜெயப்ரியா மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அடிவயிறு முறுக்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொன்னாள்.

“நானே சொல்றேன் சார். போன வருஷம் நான் மேடைக்கு வந்தப்போ எனக்கு அந்த நாள் இல்ல. மோட்டார் எரிஞ்சுது. இன்னிக்கு எனக்கு அந்த நாள்தான், ரெண்டாவது நாள். துணியைக் கழட்டிட்டு ஓட்டப்போறேன். எரியுதா பாப்போம்.”

சௌந்தரராஜன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. தமிழில் சொன்னது மற்றவர்களுக்குப் புரியாமல் போகட்டும் என்று அவர் நினைத்திருப்பார். அவள் ரஞ்சன் பக்கம் திரும்பி, அதையே வங்காளத்தில், ஒரு வார்த்தை குறையாமல் திருப்பிச் சொன்னாள். ரஞ்சனுக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கேலி வரவில்லை. கீழே பெண்களில் யாரோ கையால் வாயை மூடிக்கொண்டார்கள். லதா தீதி மூடவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

சொன்ன பிறகுதான் ஜெயப்ரியாவுக்கு அதன் கனம் தெரிந்தது. மோட்டார் எதற்கெல்லாம் எரியும் என்று அவளுக்குத் தெரியாதா? பேரிங் தேயலாம். கரண்ட் இறங்கலாம். செப்டம்பர் ஈரம் சுருளுக்குள் இறங்கியிருக்கலாம். இதில் ஏதாவது ஒன்று இன்றைக்குப் பார்த்து நடந்தால், யாரும் பேரிங்கைச் சொல்லப்போவதில்லை. அவள் மட்டுமல்ல, இந்தக் கிடங்கில் இனி எந்தப் பெண்ணும் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே எந்தக் காரணத்துக்கும் அது எரியக்கூடாது.

பெல்ட்டை இன்னும் யாரும் ஓட்டத் தொடங்கவில்லை. மாலையைக் கழற்றினாள். பட்டுத் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். கீழே போட மனம் வரவில்லை. மடித்துக் கொண்டுபோய், விஸ்வகர்மாவின் யானை முதுகில் வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். சாமியைத் தொட்டுவிட்டாள் என்று யாரோ முனகினார்கள். ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். பள்ளங்களில் இறங்கியிருந்ததைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் வைத்துச் சுரண்டினாள். குல்லாயைக் கழற்றி விசிறியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தாள்.

அங்கே ஒரு சங்கதி காத்திருந்தது. மோட்டார் தாங்குகிற அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் ஓட்டத்தை நிறுத்துவதற்கென்று ஒரு ரிலே உண்டு. அதன் திருகை மோட்டார் தகட்டில் போட்டிருக்கிற அளவில் அவள்தான் வைத்திருந்தாள். இப்போது அது கடைசிக் கோடு வரை திருப்பப்பட்டிருந்தது. திரும்பி ரஞ்சனைப் பார்த்தாள். லீவு விட்டு வந்தால் லோடு குவிந்திருக்கும், அடிக்கடி நின்றால் என் தலையை உருட்டுவார்கள், அதனால்தான் திருப்பினேன் என்று அவன் கூசாமல் சொன்னான். அவள் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் ஒரு உறுமல் உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. பெல்ட் நகர்ந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாய் ஏறி வந்தன. குல்லாய்க்குப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் காற்று உள்ளே போவது தெரிந்தது. ஜெயப்ரியா மேடையை விட்டு இறங்கவில்லை. சௌந்தரராஜனும் அறைக்குப் போகவில்லை. கீழே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஒரே மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ வருகிற நேரத்துக்குச் சற்று முன்னால், டக்கென்று ஒரு சத்தம். பெல்ட் நின்றது. மூட்டைகள் ஏறின நிலையிலேயே சாய்ந்து நின்றன.

கிடங்கு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. சிலருக்கு அதில் வருத்தம், சிலருக்கு நிம்மதி. ரஞ்சன் இரண்டு கைகளையும் விரித்தான். சௌந்தரராஜன் எழுந்து நின்று, நான் என்ன சொன்னேன் என்று யாரிடமும் இல்லாமல் எல்லோரிடமும் கேட்டார்.

ஜெயப்ரியா மோட்டாரின் மேல் கையை வைத்தாள். கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை; இளஞ்சூடுதான்.

“எரிஞ்சிருந்தா நாத்தம் வரும். வந்து மூக்கை வச்சுப் பாருங்க,” என்றாள். “நின்னிருக்கு, அவ்வளவுதான். நிக்கறதுக்குத்தான் ரிலே வச்சிருக்கு.”

யாரும் மூக்கை வைக்க வரவில்லை. ரிலேயை மறுபடி கூட்டி வைத்து ஓட்டு, லாரி நிற்கிறது என்றார் சௌந்தரராஜன். ரஞ்சன் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினான். அதற்குள் அவள் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்து, பையிலிருந்து தன் பூட்டை எடுத்துப் பூட்டி, சாவியை சுரிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். எதையோ இழுக்க முடியாமல்தான் இது நின்றிருக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் ஓட்டமாட்டேன். நான் பெல்ட்டுக்கு அடியில் இருக்கும்போது யாரும் சுவிட்சைப் போடவும் முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மேலிருந்து கீழாக ஒவ்வொரு உருளையாகக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாம் சுற்றின. கடைசியில், தரையோடு தரையாக இருக்கிற வால் உருளை மட்டும் அசையவில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் மல்லாந்து படுத்துப் பெல்ட்டுக்கு அடியில் நுழைய வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். தேயிலைத் தூள் கண்ணில் விழுந்தது. உருளைக்கும் பேரிங்குக்கும் நடுவே, அச்சில், கையளவு பருமனுக்கு ஏதோ சுற்றியிருந்தது. வேர் என்று நினைத்தாள். தடவினால் வழுவழுவென்று இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் ரோஸ் நிறம்.

“தீதி, பேக்கிங் கத்தி கொடுங்க,” என்று அடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

லதா தீதி கத்தியோடு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. தானும் குப்புறப் படுத்து மறுபக்கத்திலிருந்து கையை நுழைத்தாள். அறுத்ததை இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. பட்டம் விடுகிற நூல். விஸ்வகர்மா பூஜையன்று கல்கத்தாவில் மொட்டை மாடி ஒன்று பாக்கியில்லாமல் பட்டம் பறக்கும். கிடங்கின் கூரையிலும் பறந்தது. அறுந்த பட்டத்தின் நூல் திறந்த ஷட்டர் வழியாக உள்ளே விழுந்து கிடந்திருக்கிறது. காலையில் பெல்ட் ஓடத் தொடங்கியதும் அதை உருளை இழுத்துச் சுருட்டிக்கொண்டது. நைலான் சூட்டில் உருகி இறுகிவிட்டது. கடைசியில் நூலோடு நசுங்கின ஒரு பட்டத்தின் மூங்கில் குச்சியும் வந்தது.

லதா தீதி நூலைக் கொத்தாக அள்ளிக்கொண்டு எழுந்து, ரஞ்சனின் காலடியில் போட்டாள். அந்த ரோஸ் நிற நூலை நேற்று முழுக்கக் கூரை மேல் நின்று எவன் விட்டான், ஒவ்வொரு பட்டத்தை அறுக்கும்போதும் ‘போகாட்டா’ என்று எவன் தொண்டை கிழியக் கத்தினான் என்று எல்லோருக்கும் தெரியும்.

“தீட்டு யாருடையது, பார்த்துக்கோ அண்ணா,” என்றாள் லதா தீதி.

மூட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ரஞ்சனும் கொஞ்சம் சிரித்தான். சிரித்துக்கொண்டே நூலைக் காலால் தள்ளிவிட்டு, அது என்னுடையதாக இருந்தால் அறுந்தே இருக்காது என்றான். ஆனால் ஜெயப்ரியா வால் உருளையைத் துடைத்துக் கையால் சுழற்றிவிட்டு வந்தபோது, படிக்கட்டை மறித்து உட்காராமல் தள்ளி நின்றான்.

பூட்டைத் திறந்து ஓட்டினாள். அது ஓடியது. டீக்குப் பிறகும் ஓடியது, சாப்பாட்டுக்குப் பிறகும் ஓடியது. மத்தியானம் பேக்கிங் பெண்கள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி மேடை வரை ஏறி மோட்டாரை எட்டிப் பார்த்து, இவ்வளவுதானா இது, நான் பெரிதாக நினைத்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

டாக் சத்தத்தோடு சிலை லாரியில் ஏறிப் போன பிறகு சௌந்தரராஜன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் கம்பெனி பேர் போட்ட தாள் இருந்தது. மோட்டார் ஓடியது வேறு விஷயம், மேனேஜர் சொன்னதை மீறியது வேறு விஷயம், அதை ஹெட் ஆபீஸுக்கு எழுதாமல் இருக்க முடியாது என்றார். அவர் குரலில் கோபம் குறைந்துபோய், ஒரு பிடிவாதம் மட்டும் பாக்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

அவள் கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் இல்லை.

“எழுதுங்க சார். எதை மீறினேன்னு எழுதுவீங்க?”

“மேடைக்குப் போகாதேன்னேன். போனே.”

“எலெக்ட்ரீஷியனை மோட்டார்கிட்ட ஏன் போகாதேன்னு சொன்னீங்கன்னு அவங்க கேப்பாங்க. அதுக்கும் காரணத்தை எழுதிடுங்க. லதா தீதியை விட்டு என்ன கேக்கச் சொன்னீங்களோ அதையே எழுதுங்க. இன்னிக்கு நான் என்ன பதில் சொன்னேனோ அதையும் எழுதுங்க. இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தை இருக்கு.”

அவர் பேனாவைத் திறந்தார். தாளைக் கொஞ்சம் நேராக நகர்த்தினார். வெளியே டைப் அடிக்கிற பெண் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஒரு வருஷமாக அந்தக் கிடங்கின் மூலை முடுக்கெல்லாம் நடமாடிய அந்த விஷயம், மேலதிகாரிக்கு எழுதுகிற தாளில் எங்கே உட்காரும் என்று அவர் தேடுவது போல இருந்தது. தேதியைப் போட்டார். பெறுநர் போட்டார். அதற்குக் கீழே பேனா இறங்கவில்லை.

“உங்க ஆத்துல யாரும் இப்படியெல்லாம் பேசுவாளா?” என்று கேட்டார் கடைசியில்.

“பேச மாட்டாங்க சார். நானும் போன வருஷம் பேசல.”

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். தாளைக் கிழிக்கவில்லை, மேஜை டிராயரைத் திறந்து உள்ளே போட்டார். எப்போது வேண்டுமானாலும் எடுப்பேன் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி.

“எடுக்கறப்போ கூப்பிடுங்க,” என்றாள் ஜெயப்ரியா. “நானும் கையெழுத்துப் போடறேன். நாளைக்குக் காலையில மேடையில இருப்பேன். பேரிங்குக்கு கிரீஸ் வைக்கணும்.”

திறந்திருந்த கதவு வழியாகப் பெல்ட் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் கதவை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.